சிவப்பு இணைப்புகள் நீலமாகும் போது

(கோலார் தங்கவயலில் கட்சி உறுப்பினர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2001 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒன்றோடொன்று எவ்விதத் தொடர்பும் இல்லாத இரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப் பெற்றது. பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் இவ்வூரின் சுரங்கங்களை மூடியது. இடையில் 44 நாள்கள். முதற்செய்தி அன்று தங்கவயலில் எவர் காதிலும் விழுந்திருக்க நியாயமில்லை. இரண்டாவது செய்தி ஒவ்வொரு லைன் வீட்டின் அடுப்படி வரை வந்து நின்றது.

அன்று மூடப்பட்டது தங்கம் எடுக்கும் குழி மட்டுமன்று. 1880 இல் ஜான் டெய்லர் கம்பெனி காலெடுத்து வைத்தது முதல் 120 ஆண்டுகளாக நான்கு, ஐந்து தலைமுறைகள் சேர்த்து வைத்த அறிவும் அத்துடன் வாயடைந்தது. பாறை எப்போது வெடிக்கும் என்பதை ஓசையால் உணர்ந்தவர்கள், 3 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட ஆழத்தின் வெப்பத்தை உடம்பால் அறிந்தவர்கள், சாம்பியன் ரீஃபின் எந்த லெவலில் எந்த ஆண்டு எத்தனை பேர் மாண்டனர் என்பதை விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சுரங்கம் மூடியபோது முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். மற்றவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சிலிக்கா தூசி பலரை முன்னதாகவே அழைத்துக் கொண்டது.

உலகிற்குத் தங்கவயல் தெரியும், திரைப்படங்களின் வாயிலாக. நிலவியலாளர்களுக்குத் தெரியும், ஆங்கில அறிக்கைகளின் வாயிலாக. இயற்பியலாளர்களுக்கும் தெரியும்: 1965 இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. அந்த ஆய்வுக் கட்டுரையை இன்றும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் அக்கருவிகளைக் கேஜில் ஏற்றி இறக்கியவர்கள் யார்? அன்று எந்த ஷிப்டு? அவர்களுக்கு என்னவென்று சொல்லி அனுப்பினார்கள்? இவற்றைத் தமிழில் எவரும் எழுதி வைக்காவிட்டால் இன்னும் இருபது ஆண்டுகளில் கேட்கவும் ஆளிருக்காது, சொல்லவும் ஆளிருக்காது.

இந்தப் பின்னணியில்தான், ஊதியம் பெறாமல் பொது அறிவுக்கு உழைப்பது பற்றியும் அதில் கிடைக்கும் மகிழ்ச்சி பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

‘தன்னார்வம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் தொழிற்சங்கத் தோழர்களின் புருவம் உயரும். உயரத்தான் வேண்டும். வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்துக் கொள்ளும் ஆஷா பணியாளர்களைத் ‘தன்னார்வலர்’ என்று பெயரிட்டு, ஊதியத்துக்குப் பதில் ஊக்கத்தொகை கொடுத்து வரும் நாடு இது. தொழிலாளி என்ற பெயர் கொடுத்தால் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும், வருங்கால வைப்புநிதி தர வேண்டும். ஆகவே அரசுகள் பெயரை மாற்றிவிட்டன. இத்தகைய ‘தன்னார்வத்தை’ப் புகழ்வது உழைப்பைத் திருடுவதற்குத் துணை போவதாகும்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? நாளை இந்த வேலையை நிறுத்திவிட்டால் வீட்டில் உலை கொதிக்குமா என்ற கேள்வியில் இருக்கிறது. ஆஷா பணியாளர் நிறுத்தினால் கொதிக்காது. விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் ஆசிரியரோ ஓய்வு பெற்ற எழுத்தரோ நிறுத்தினால் ஒன்றும் நேராது. அடுத்த மாதம் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மறுக்கும் உரிமை உள்ள இடத்தில் மட்டுமே உழைப்பு மகிழ்ச்சி தரும். எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர ஓய்வு, எஞ்சிய எட்டு மணி நேரம் மனிதருக்கு என்று தொழிலாளர் இயக்கம் கேட்டதே, அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைச் சேர்ந்த உழைப்பு இது.

மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் அந்நியமாதலைப் பற்றி எழுதியதைப் படித்த தோழர்கள் இங்கு உண்டு. தங்கவயலில் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. ஏறத்தாழ 800 டன் தங்கம் இம்மண்ணிலிருந்து சென்றது. அதை எடுத்தவன் வெளியே வரும்போது உடம்பைச் சோதித்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். தான் உண்டாக்கிய பொருளே தன்னைத் திருடனென்று சந்தேகிக்கச் செய்யும் நிலை! பொது அறிவுக்கான உழைப்பில் இது தலைகீழாகிறது. எழுதியவர் அதைப் படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அவர் பிள்ளைகள் அதைப் பள்ளியில் பயன்படுத்தலாம். வாயிலில் சோதனை போட எவரும் நிற்பதில்லை.

இப்படிப்பட்ட உழைப்பு இவ்வூருக்குப் புதிதும் அன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ ஆயிற்று. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை எழுந்ததும் அக்காலத்தில்தான். அவ்விதழின் வாசகர்களிலும் ஆதரவாளர்களிலும் தங்கவயல் தொழிலாளர்கள் கணிசமானோர். 1914 இல் பண்டிதர் மறைந்தார். 1926 முதல் சில ஆண்டுகள் ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் இதழைச் சாம்பியன் ரீஃபிலிருந்தே நடத்தினார். பண்டிதரின் நூல்களை வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலில்தான் இருந்தது. பூமிக்கடியில் உழைத்துவிட்டு மேலே வந்து சந்தா கொடுத்தவர்களையும், கேள்வி எழுதி அனுப்பியவர்களையும், எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கு வாசித்துக் காட்டியவர்களையும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் காண முடியாது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். பண்டிதரின் எழுத்துகள் பல்கலைக்கழகங்களின் பார்வைக்கு நீண்ட காலம் எட்டவில்லை. 1999 இல் ஞான. அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளைக் கொண்டுவர முடிந்ததென்றால், அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் பல்லாண்டுகள் கரையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் காத்து வைத்திருந்ததே அதற்கு அடிப்படை. வரலாறு எழுதப்படுவதற்கு முன்பு எவரோ ஒருவர் தம் வீட்டுப் பரணைக் காலி செய்து காகிதங்களுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். அவர்களுக்கு யார் கூலி கொடுத்தது?

இன்று அந்தப் பரண் இணையத்தில் இருக்கிறது. ஒரு வீடு இடிந்தாலும் அது அழிவதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தவை திரும்பி வரவேயில்லை. ஈழத்துத் தமிழர்கள் 2005 இல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் கூட வருடி ஏற்றத் தொடங்கியதன் பின்னால் அந்த நெருப்பின் நினைவு இருக்கிறது. அதற்கும் முன்பு, 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழுக்கு ஒருங்குறி பரவாத காலம் அது. ஒருவர் கணினியில் கண்டதை மற்றொருவர் கணினியில் காண்பதே பெரும்பாடு. அக்காலத்தில் பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களை வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் பிறந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் பணியாற்றிக் கொண்டே, அலுவல் முடிந்த இரவுகளில், தமிழில் ஒன்றுமே இல்லாத தளத்துக்கு முதலில் இடைமுகச் சொற்களை மொழிபெயர்த்தார். பின்னர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. அதுவரை எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் சென்ற விருது, தன் பெயர் அட்டையில் அச்சாகாத ஒரு கலைக்களஞ்சியத்தைக் கட்டியவருக்குச் சென்றது. 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தொட்டது. பெ. தூரன் தலைமையில் அறிஞர் குழு உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் வெளிவர 1954 முதல் 1968 வரை ஆயின. அது மாபெரும் பணி. அதன் தரத்தை விக்கிப்பீடியாவின் பல கட்டுரைகள் இன்றும் எட்டவில்லை. ஆனால் அதை வாங்க வசதி வேண்டும், வைக்க அலமாரி வேண்டும், அச்சான பிழையைத் திருத்த மறுபதிப்பு வர வேண்டும்.

விக்கிப்பீடியாவில் ஒரு சிறு ஏற்பாடு உண்டு. கட்டுரையில் குறிப்பிடப்படும் ஒரு பெயருக்குத் தனிக் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை என்றால் அச்சொல் சிவப்பு நிறத்தில் தோன்றும். எவரேனும் எழுதிவிட்டால் அது நீலமாகும். ஒரு கட்டுரையைப் படித்து வருகிறவர் சிவப்பாக நிற்கும் ஒரு பெயரைக் காண்கிறார். அது தம் ஊரின் ஏரியாக இருக்கலாம், தம் தாத்தா வேலை செய்த ஆலையாக இருக்கலாம். இரண்டு நூல்களைத் தேடிப் பிடித்துப் பத்து வரி எழுதுகிறார். மறுகணம் அச்சொல் எங்கெல்லாம் சிவப்பாக இருந்ததோ அங்கெல்லாம் நீலமாகிறது. காலையில் திறந்து பார்த்தால் முன்பின் அறியாத ஒருவர் இரவோடு இரவாக இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தி, ஒரு படத்தையும் சேர்த்திருக்கிறார். இந்த அனுபவத்தில் சிக்கியவர்கள் எளிதில் வெளியே வருவதில்லை. சிவப்பு மறைவதில் ஓர் இடதுசாரி மகிழலாமா என்று தோழர்கள் சிரிக்கலாம். தங்கவயலில் சிவப்பும் நீலமும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்த கொடிகளாயிற்றே.

பூசல்களும் உண்டு. இலங்கை வழக்கா, தமிழ்நாட்டு வழக்கா? கிரந்த எழுத்துகளை எவ்வளவு அனுமதிப்பது? கணனியா, கணினியா? பேச்சுப் பக்கங்களில் இவை நாள்கணக்கில் நடந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை வீண் வாதங்களாகத் தோன்றும். மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர்களுக்கு அப்படித் தோன்றாது. யாழ்ப்பாணம், சென்னை, சிங்கப்பூர், டொரண்டோ ஆகிய ஊர்களின் தமிழர்கள் ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் புரியும்படி எழுத முயல்வது தமிழ் வரலாற்றில் அடிக்கடி நடந்த செயல் அன்று. இவ்வூரின் பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். ‘கோலார் தங்கச் சுரங்கம்’ என்று எழுதுவோர் உண்டு. இங்கு வாழ்பவர்கள் ‘தங்கவயல்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைக் குறிக்கும் சொல்லை நேராகப் பெயர்த்தபோது நெல் விளையும் வயல் வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பு என்ற வகையில் குறை காணலாம். வட ஆர்க்காட்டிலும் சித்தூரிலும் பிறர் நிலத்தில் உழைத்து, ஒரு காணியும் சொந்தமில்லாமல் இங்கு வந்தவர்கள் தங்கள் ஊருக்கு வயல் என்று பெயரிட்டுக் கொண்டதை எந்த அகராதிக்காரரும் திருத்தத் துணியக் கூடாது.

எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி எழும். அவர்களுக்கான இடம் விக்கிமூலம். எல்லாவற்றிலும் மகிழ்ச்சியான வேலை அங்கேதான் நடக்கிறது என்று துணிந்து சொல்லலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் ஏறத்தாழ 2,000 நூல்களின் வருடல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் சில ஆண்டுகளுக்கு முன் விக்கிமூலத்துக்கு வழங்கியது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நிரல் எழுதி, படத்திலிருந்த எழுத்துகளை இயந்திரத்தைக் கொண்டு உரையாக்கி ஏற்றினார்கள். இயந்திரம் வேகமாகப் படிக்கும், சரியாகப் படிக்காது. காலுக்கும் ‘ர’ வுக்கும் அதற்கு வேறுபாடு தெரிவதில்லை. அச்சு மங்கிய இடத்தில் புள்ளி காணாமற் போகிறது. ஆகவே பக்கம் பக்கமாக மனிதர் மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

திரையின் ஒரு பாதியில் பழைய நூலின் பக்கம். மறுபாதியில் இயந்திரம் படித்த உரை. ஒப்பிட்டுத் திருத்திச் சேமிக்கும் வரை அந்தப் பக்கத்தின் அடையாளம் சிவப்பு. ஒருவர் முழுதும் திருத்தியதும் மஞ்சள். அதை இன்னொருவர் மீண்டும் படித்து ஒப்புக்கொண்டால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருளே அனுமதிக்காது. எவ்வளவு பெரிய புலவராயினும் தம் பக்கத்தைத் தாமே முடித்துவிட இயலாது. முகமறியாத இரண்டாவது மனிதருக்காக அப்பக்கம் மஞ்சளாகக் காத்திருக்கும். கூட்டுழைப்பைப் பற்றி நூறு தீர்மானங்கள் நிறைவேற்றலாம். அதைச் செய்யாமல் தப்ப முடியாதபடி ஒரு வேலையை அமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இவ்வேலையில் முதியோர்க்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. 1978 இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, ளை, ணை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்புடன் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவங்கள் இருந்தன. பழைய நூல்களில் இவ்வெழுத்துகள் வரும் இடங்களில் இயந்திரம் தடுமாறுகிறது. பொறியியல் படித்த இளைஞர்களும் தடுமாறுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் அவற்றைச் சிறுவயதில் பலகையில் எழுதியவர்கள். கண்ணாடி மட்டும் போதும், தங்கு தடையின்றிப் படிப்பார்கள். ‘இந்த வயதில் நமக்கென்ன வேலை’ என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு, தமக்குத் தெரிந்த ஏதோ ஒன்று கணினிக்குத் தெரியவில்லை என்பதைக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1991 இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, கல் உடைக்கும் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக் கொண்டார்கள். ஊதியமின்றி இரவில் அரிக்கேன் விளக்கொளியில் கற்பித்த இளைஞர்கள் தங்கள் வாழ்வின் சிறந்த நாள்கள் அவை என்று இன்றும் சொல்கிறார்கள். அன்று இளையவர்கள் மூத்தோருக்கு எழுத்தைக் கொடுத்தார்கள். இங்கு மூத்தவர்கள் எழுத்தைக் கொடுக்க வேண்டிய முறை.

நேரம் இல்லை என்பது பொய்யான காரணமன்று. சுரங்கம் மூடிய பிறகு இவ்வூரின் உழைக்கும் வயதினர் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகிறார்கள். அவர்களிடம் போய், தூக்கத்தைக் குறைத்துக் கலைக்களஞ்சியம் எழுது என்று சொல்பவன் தொழிலாளியின் நண்பனல்லன். எனினும் ரயிலில் இடம் கிடைத்தவர் கையில் கைப்பேசி இருக்கிறது. நாளுக்கு ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்தால் இருநூறு பக்க நூல் ஏழு மாதத்தில் முடியும். நின்று கொண்டே செல்பவர் தூங்கட்டும்.

இனி, கட்சி உறுப்பினர்கள் கசப்பாக உணரக் கூடிய செய்தி. விக்கிப்பீடியா மேடை அன்று. கட்சித் துண்டறிக்கையை அங்கே ஒட்ட முடியாது. ‘மாபெரும் தலைவர்’, ‘ஒப்பற்ற தியாகி’ என்று எழுதினால் ஒரு மணி நேரத்தில் எவரோ அடைமொழிகளை நீக்கிவிடுவார். நடுநிலை நோக்கு வேண்டும், கூற்றுகளுக்கு வெளியிடப்பட்ட சான்று வேண்டும், சொந்த ஆய்வு கூடாது என்பவை அங்கு விதிகள். இது முதலாளித்துவச் சதி என்று கோபித்துக் கொண்டு திரும்பியவர்கள் உண்டு. கோபம் தேவையற்றது. 1930 இல் இவ்வூர்த் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்நிகழ்ச்சிக்கு அடைமொழி வேண்டுமா? நாளும் காரணமும் விளைவும் சான்றுடன் எழுதப்பட்டால் அதுவே போதுமான கனமுடையது. தொழிலாளியின் விரலைக் கேட்டது கம்பெனி; இங்கோ எழுதுபவர் சொந்தப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, புனைபெயர் போதும். கேட்பது சான்றை மட்டும்.

ஆனால் அந்தச் சான்று விதியில்தான் தங்கவயலுக்கு உண்மையான இடர் இருக்கிறது. கம்பெனியின் அறிக்கைகள் அச்சில் இருக்கின்றன. ஆகவே அவை சான்று. விபத்தில் தம் தந்தையை இழந்த பெரியவரின் சொல் அச்சில் இல்லை. ஆகவே அது சான்றாகாது. எழுதி வைத்தவனுக்குச் சாதகமாக விதி சாய்கிறது. 1946 நவம்பரில் வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அரசின் கோப்பு ஒன்றைச் சொல்லும், தெருவின் நினைவு வேறொன்றைச் சொல்லும். கலைக்களஞ்சியம் கோப்பைத்தான் எடுத்தாளும்.

இதற்கு வழி விதியை வைதுகொண்டிருப்பதன்று, முன்னதாகவே ஒரு படி வேலை செய்வது. பெரியவர்களிடம் சென்று கேட்டு, நாளும் இடமும் உறுதிப்படுத்தி, சங்க மலர்களிலும் இதழ்களிலும் சிறு நூல்களாகவும் அச்சில் கொண்டுவர வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்க வேண்டும். நினைவும் தவறும், அன்பு மிகுந்த நினைவு அதிகமாகவே தவறும். ஜானகி நாயர் 1998 இல் வெளியிட்ட, மைசூர் அரசுப் பகுதியின் சுரங்கத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் பற்றிய ஆய்வு நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அத்தகைய நூல்களில் உள்ளவற்றைத் தமிழில் எடுத்தாள்வதற்கு இன்றே தடையில்லை. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய நிழற்படங்கள், சங்க அட்டைகள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை, உரியவர்களின் இசைவு பெற்று, உரிமை நிலையையும் பார்த்த பின், பொதுவகத்தில் ஏற்றலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்கள் இந்தியாவில் எவரும் வெளியிடக் கூடிய பொதுச் சொத்து. அயோத்திதாசர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. சுரங்கச் சொற்களுக்கு விக்சனரி இருக்கிறது. பெண்களிடம் மறவாமல் கேட்க வேண்டும். லைன் வீட்டின் தண்ணீர் வரிசை, சைனைட் மலையிலிருந்து காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் வரும் புழுதி, சங்கு ஊதும் நேரம் தப்பி ஊதினால் தெருவே வாசலுக்கு ஓடி வந்தது ஆகியவற்றைக் கம்பெனி அறிக்கை எழுதாது.

ஒரு நியாயமான ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. இத்தனை பேரின் கூலியில்லா உழைப்பை இறுதியில் பெரும் நிறுவனங்கள்தானே அள்ளிக் கொள்கின்றன? தேடுபொறிகள் விக்கிப்பீடியாவின் உரையைத் தங்கள் பக்கத்தில் காட்டுகின்றன. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் அதைப் படித்தே பேசக் கற்கின்றன. உண்மைதான். விக்கிப்பீடியாவின் உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதை அதே உரிமத்தில் தர வேண்டும் என்பவையே நிபந்தனைகள். பெருமளவில் எடுக்கும் நிறுவனங்களிடம் சேவைக் கட்டணம் பெறும் ஏற்பாட்டை விக்கிமீடியா 2021 இல் தொடங்கியது. நிபந்தனைகளை எல்லோரும் மதிக்கிறார்களா என்பது தொடரும் போராட்டம். அதற்காக வேலியடைத்துவிட்டால் யார் வெளியே நிற்க நேரும்?

இதற்கு விடை கூறும் நிகழ்ச்சி இடதுசாரிகளின் சொந்த வீட்டில் நடந்தது. மார்க்சிய இணைய ஆவணக் காப்பகம் முழுக்க முழுக்க ஆர்வலர்களின் உழைப்பால் நடப்பது. மார்க்ஸ், எங்கெல்ஸ் தொகுப்பு நூல்களின் 50 ஆங்கிலத் தொகுதிகளிலிருந்து பல எழுத்துகளை அதில் ஏற்றியிருந்தார்கள். 2014 இல், அவற்றின் பதிப்புரிமை கொண்ட லாரன்ஸ் அண்ட் விஷார்ட் நிறுவனம் அவற்றை ஏப்ரல் 30க்குள் நீக்குமாறு கேட்டது. மே தினத்துக்கு முந்தைய நாள்! சிறிய இடதுசாரிப் பதிப்பகம் அது. பல்கலைக்கழக நூலகங்களுக்கு மின்பதிப்பை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்று காரணம் சொன்னது. அக்காரணம் பொய்யுமன்று. மொழிபெயர்ப்பாளனும் அச்சுக் கோப்பவனும் சாப்பிட வேண்டுமே. காப்பகம் அவற்றை நீக்கியது. இழந்தது பல்கலைக்கழகமா? அதற்கு மின்பதிப்பு உண்டு. கைப்பேசியில் மட்டுமே படிக்க வாய்ப்புள்ள, இத்தகைய ஊர்களின் வாசகர்கள்தாம் இழந்தார்கள். அறிவைத் திறந்து வைத்தால் பணக்காரனும் எடுப்பான். பூட்டி வைத்தால் அவன் மட்டுமே எடுப்பான்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு ஓர் இனிய முன்னுதாரணம் உண்டு. கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் பகுதிகளை 1931 இல் தமிழில் வெளியிட்டது ‘குடி அரசு’. எவரிடமும் உரிமம் கேட்டதாகத் தெரியவில்லை. எவரும் கட்டணம் கேட்டதாகவும் தெரியவில்லை.

தொடக்கப் பணிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பழைய எழுத்தில் அச்சான ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மஞ்சளாக்க மற்றவர் பச்சையாக்கலாம். தமிழில் தட்டச்சு தெரியாதவருக்கு அருகில் ஓர் இளைஞர் அமரட்டும். அடுத்த அமர்வுக்கு வரும் தோழர்கள் சார்ஜ் ஏற்றிய கைப்பேசியையும், வீட்டுப் பெட்டியில் பழைய சங்க மலர் ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்து வரவும். பெரியவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம்.